அம்சம் வாங்கிய ஸ்பைக் பாக்ஸ்

ஓடைமங்கலத்தில் அம்சத்தைக் கேட்காமல் யாரும் நாற்றுக்கட்டு வாங்க மாட்டார்கள். கட்டைத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்குவாள். மண் எவ்வளவு, நாற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அரிவாள் வாங்கப் பட்டறைக்குப் போனால் ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி, ஓசை பிடிக்காததைத் திருப்பி வைத்துவிடுவாள். "பொண்ணு பாக்கப் போனாலும் இவ இப்படித்தான் தட்டிப் பாப்பா" என்று புருஷன் காத்தான் கேலி செய்வான். "ஒன்னைத் தட்டிப் பாக்காம விட்டதுதான் தப்பாப் போச்சு" என்பாள் அவள்.

நாற்பதைத் தாண்டிய மனுஷி. நடவுக் காலத்தில் காலனித் தெருப் பெண்களை ஒன்றுசேர்த்து வயலில் இறக்குவது அவள்தான். வரப்பில் நின்று கூலி பேசுவதும் அவள்தான்.

அந்தத் தெரு அவர்களுக்கு லேசில் கிடைத்ததல்ல. அம்சத்தின் அம்மா பொன்னுத்தாய் காலத்தில் குடிசை நின்ற மண் பண்ணைக்குச் சொந்தம். கூலியை ஏற்றிக் கேட்டு யாராவது கொடி பிடித்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு என்று ஆள் வந்துவிடும். அப்புறம் சட்டம் வந்தது. குடியிருந்தவர்களுக்கே மனை என்று ஆயிற்று. பட்டா வந்ததே தவிர, பாதை வரவில்லை. ரோட்டிலிருந்து தெருவுக்கு நேராக வர வேண்டுமென்றால் பண்ணை வயலைத் தாண்ட வேண்டும், பண்ணை விடவில்லை. கரண்டு கம்பம் நடவும் விடவில்லை. ஊரெல்லாம் விளக்கெரிந்து பல வருஷம் கழித்து, வாய்க்கால் கரையோடு சுற்றி, மூங்கில் தோப்பைத் தாண்டி, கம்பி ஒருவழியாகக் காலனிக்கு வந்து சேர்ந்தது.

பந்தியில் கடைசி இலைக்கு வரும் சாம்பார் மாதிரிதான் அவர்களுக்குக் கரண்டு. வழி நெடுக பம்புசெட்டுகள். அத்தனை மோட்டாரும் ஓடும்போது காலனியில் பல்பு மின்மினிப் பூச்சியாக இருக்கும். மோட்டாருக்கு விடுகிற கரண்டை நிறுத்தியதும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்துபோகும். அந்த நிமிஷம் வீடுகளில் பல்பு குபீரென்று வெளுத்து எரியும். சில வீட்டில் டப்பென்று போய்விடும். பல்பு போவது அந்தத் தெருவில் கொசு கடிப்பது மாதிரி. யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் ஓர் ஆடி மாதம் அரசாங்கத்தின் கலர் டிவி வந்து இறங்கியது.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். காத்தான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற சாமி மாதிரி நடந்து வந்தான். பின்னால் அம்சம், ஒரு கையை மேலே நீட்டிப் பெட்டியைத் தாங்கியபடியே வந்தாள். கண்ணாடிக்குள் கலர் கலராக ஆட்கள் தன் வீட்டுச் சுவரோரம் நின்று பேசப்போகிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காத்தான் பெட்டியைப் பிரித்து, டிவியை மரப்பெட்டி மேல் வைத்து, சுவிட்ச் போர்டில் இருந்த ரெட்டைத் துளை ப்ளக்கில் வயரைச் சொருகப் போனான். அம்சம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். இரு."

"என்னாத்துக்கு இருக்கணும்? தெருவே பாக்குது."

"போன வாரம் இந்த போர்டுல பல்பு போச்சுல்ல? முந்தின வாரமும் போச்சு. பல்பு போனா வேற பல்பு போடுவோம். இது போனா?"

காத்தான் வயரைச் சுருட்டி டிவி மேல் வைத்தான். பக்கத்து வீட்டு ஞானாம்பாள் வீட்டில் அதற்குள் பாட்டுச் சத்தம் கேட்டுவிட்டது. அவள் வாசலில் இருந்தே கூப்பிட்டாள். "அம்சக்கா, வந்து பாருங்க. மஞ்சளு மஞ்சளாவே தெரியுது, செவப்பு செவப்பாவே தெரியுது."

அம்சம் போய்ப் பார்த்தாள். எல்லோரையும் போல வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தாள். இருந்தாலும் திரும்பி வந்து தன் டிவி மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி மூடிவிட்டு, காலையில் குடவாசலுக்கு பஸ் ஏறினாள்.

குடவாசல் கடைத்தெருவில் மருந்துக் கடையை ஒட்டி ஹமீதா பானுவின் எலக்ட்ரிக்கல் கடை. அவள் வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது ஷார்ஜாவில் இருந்தார். கடையை முதலில் பார்த்துக்கொண்ட மாமனார் தவறிப்போனதும், ஆள் வைத்தால் சரிவராது என்று ஹமீதாவே கல்லாவில் உட்கார்ந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் முக்காடு, காதுக்குப் பின்னால் ஒரு டெஸ்டர்.

"வாங்கக்கா. என்ன வேணும்?"

"டிவியை கரண்டு அடிக்காம காப்பாத்துறதுக்கு ஏதோ பொட்டி இருக்காமே, அது வேணும்மா."

ஹமீதா கொக்கியில் தொங்கியவற்றில் நாலைந்தை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். எல்லாம் நீளமாக, நாலு ப்ளக் துளையோடு, சிவப்பு விளக்கோடு இருந்தன. எல்லாவற்றிலும் ஸ்பைக் என்று எழுதியிருந்தது. அம்சம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் விரலால் தட்டினாள். ஒன்று தகரடப்பா மாதிரி ஒலித்தது. இன்னொன்று கம்மென்று இருந்தது.

"இது கனமா இருக்கு. இது காத்து மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரு எழுதியிருக்கு. இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

ஹமீதா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் இதைக் கேட்டதில்லை. வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள், வயர் நீளம் கேட்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளிப்பார்கள்.

"எனக்கும் தெரியலக்கா" என்றாள். "தொறந்து பாத்துடுவோமா?"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லேசான பெட்டியை முதலில் கழற்றினாள். உள்ளே ரெண்டு பித்தளைப் பட்டை, ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். வெறும் ப்ளக்கைத்தான் நீளமாக்கி வைத்திருந்தார்கள். ஹமீதாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் கடையில் அதுதான் அதிகம் போகிற சரக்கு.

கனமான பெட்டியைக் கழற்றினாள். அதில் வயர்கள் தடிமனாக இருந்தன. ஒரு ஃபியூஸ் இருந்தது. நடுவில் காசு மாதிரி மூன்று நீல வில்லைகள் ரெண்டு ரெண்டு காலோடு நின்றன. அந்த நேரம் மோட்டார் காயில் வாங்க வந்த ஜெக்கரியா உள்ளே எட்டிப் பார்த்தார். குடவாசல் சுற்றுவட்டாரத்தில் வயரிங் வேலை செய்கிறவர், ஹமீதாவுக்குத் தாய்மாமன் முறை.

"மாமு, இந்த நீலக் காசு என்ன செய்யும்?"

"அதுதானம்மா சரக்கே. கரண்டு ஒழுங்கா வர்ற வரைக்கும் அது சும்மா கெடக்கும். திடீர்னு எகிறிச்சுன்னா அது வழி விட்டு, எகிறினதைத் தன் வழியா இழுத்து வெளியில தள்ளிடும். சாமானுக்குப் போக விடாது."

அம்சத்துக்குப் பட்டென்று பிடிபட்டது. "வயல்ல தண்ணி ஏறினா வடிகாலைத் தொறந்து விடுறோமே, அதுதானே பாய்?"

"அதேதான். ஆனா வடிஞ்ச தண்ணி போறதுக்கு ஆறு வேணும்ல? அதுக்குத்தான் எர்த். ஒங்க வீட்டுல எர்த் இருக்கா?"

"ரெட்டைத் துளைதான் இருக்கு."

"அப்ப இந்தப் பொட்டி பாதி வேலைதான் செய்யும். மூணு துளை ப்ளக் வச்சு, தரையில குழி தோண்டி எர்த் போடணும். இன்னொன்னும் சொல்லிடுறேன். இது திடீர்னு வர்ற அடியைத்தான் தாங்கும். ராத்திரி பூரா கூடியும் கொறஞ்சும் ஓடுற கரண்டுக்கு ஸ்டெபிலைசர்தான் சரி. இடி கிட்டக்க வந்துடுச்சுன்னா எந்தப் பொட்டியையும் நம்பாதீங்க, ப்ளக்கைப் புடுங்கிடுங்க."

அம்சம் கனமான பெட்டியை எடுத்துக்கொண்டாள். ஸ்டெபிலைசரை அறுப்புக் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த பெட்டியை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்கிய சந்தோஷம், டிவி வந்த சந்தோஷத்தைவிட ஒரு பிடி கூடவே இருந்தது.

ஜெக்கரியா ரெண்டு நாள் கழித்துக் கடப்பாரையோடு வந்தார். வீட்டுக்குப் பின்னால், காட்டாமணக்கு வேலியை ஒட்டின ஈரமண்தான் எர்த்துக்கு நல்லது என்றார். காத்தான் குழி வெட்ட ஆரம்பித்தான். இடுப்பளவு போயிருக்கும். வயல் வரப்பில் ஒரு மொபெட் வந்து நின்றது. பண்ணைக் காரியஸ்தர்.

"யாரது, எங்க எடத்துல குழி வெட்டுறது?"

காத்தான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். பொன்னுத்தாய் காலத்துப் பயம் அந்தக் காலத்து ஆட்களோடு போய்விடவில்லை. பண்ணைக் குரலைக் கேட்டதும் தோண்டிய கை தானாக நின்றுவிட்டது.

அம்சம் கொல்லைப்புறம் வந்தாள். "எங்க மனைதானுங்கய்யா இது. கரண்டுக்கு எர்த் போடுறோம்."

"வேலிக்கு ஒட்டுல என்ன மனை? வேலியிலேருந்து ஒரு முழம் பண்ணைக்குப் பாத்தியம். மூடு குழியை."

"வேலி நீங்க வச்சது. கல்லு சர்க்கார் வச்சது. கல்லைப் பாத்துடுவோமே."

"எந்தக் கல்லு?"

"சர்வேக் கல்லு. எங்க அம்மா பட்டா வாங்கினப்ப நட்ட கல்லு. இங்கதான் எங்கேயாவது இருக்கணும்."

சத்தம் கேட்டு ஞானாம்பாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்றங்காலில் இருந்த பெண்கள் முழங்கால் வரை சேறோடு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. அம்சம் அரிவாளை எடுத்து வேலியின் அடிப்பக்கம் வெட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள். காட்டாமணக்கின் பால் கையெல்லாம் ஒழுகியது. மனைக்கு உள்பக்கம் தேடினார்கள், இல்லை. வேலியின் அடியில் தேடினார்கள், இல்லை. காரியஸ்தர் மொபெட்டில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"அந்தப் பக்கம் பாருங்கடி" என்றாள் அம்சம்.

வேலியைத் தாண்டி, வயலின் பக்கத்தில், எருக்கஞ்செடிக்கு அடியில் ஞானாம்பாளின் மண்வெட்டி ணங்கென்று மோதியது. மண்ணை ஒதுக்கினார்கள். மேலே கோடு வெட்டிய கருங்கல். வேலிதான் வருஷத்துக்குக் கொஞ்சமாக நகர்ந்து காலனிக்குள் வந்திருந்தது; கல் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் தெருவின் மண் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

காரியஸ்தர் இறங்கி வந்து கல்லைப் பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். "இதைப் பண்ணைப் பெரியவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

"பேசுங்கய்யா. நாங்களும் தாசில்தார்கிட்ட பேசுறோம்" என்றாள் அம்சம். குனிந்து கல்லில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

மொபெட் போனபிறகு அங்கே கிளம்பிய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜெக்கரியா குழியில் பைப்பை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றச் சொன்னார். தெருவே குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றியது. எதற்கு ஊற்றுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கல் கிடைத்த சந்தோஷத்தில் ஊற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அம்சம் வீட்டில் டிவி போட்டார்கள். வாசல் வரை ஜனம். ஸ்பைக் பாக்ஸின் சிவப்பு விளக்கு எரிவதையே அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்; டிவியில் என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆவணி கடைசியில் சம்பா நாற்று பறிக்கிற வேலை. பெண்கள் வயலில் இருந்தார்கள். பொழுது சாயவில்லை, மேற்கே மட்டும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி தூரத்தில்தான் உருண்டது. அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் காத்தான் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். ப்ளக்கைப் பிடுங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுமா என்று நினைத்து முடிக்கவில்லை, மூங்கில் தோப்புப் பக்கம் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. கம்பி போகிற வழி அதுதான்.

நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். பின்னாலேயே ஞானாம்பாள். தெருவுக்குள் நுழையும்போதே கருகிய நாற்றம் வந்தது. ஞானாம்பாள் வீட்டு ஜன்னலில் புகை. அவள் டிவியின் பின்பக்கம் உருகிப்போயிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். தெருவில் ஒவ்வொரு வீடாக ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அம்சம் தன் வீட்டுக்குள் போனாள். இருட்டு. காத்தான் கையில் ப்ளக்கைப் பிடித்தபடி சுவரோரம் நின்றான்.

"பளிச்சுன்னுச்சு. பொட்டியிலேருந்து டப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் எல்லாம் அணைஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் புடுங்கினேன்" என்றான். அழுகிற மாதிரி இருந்தான்.

"டிவி?"

"தெரியல அம்சம்."

மூங்கில் தோப்பில் கம்பி அறுந்து கிடந்ததால் கரண்டு வரவில்லை. அந்த இரவு பூரா அம்சம் புரண்டு புரண்டு படுத்தாள். விடிந்ததும் டிவியைப் புடவையில் சுற்றி, காத்தான் தலையில் ஏற்றி, ஸ்பைக் பாக்ஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நின்றாள். ஞானாம்பாளும் கூடவே வந்தாள். தன்னுடையது போனாலும் அக்காவுடையது என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஹமீதா கடையைத் திறந்துகொண்டிருந்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதலில் ஸ்பைக் பாக்ஸைத் திறந்தாள். நீல வில்லைகளில் ஒன்று ரெண்டாகப் பிளந்து கரியாகிக் கிடந்தது. இன்னொன்று நிறம் மாறியிருந்தது. ஃபியூஸ் அறுந்திருந்தது.

"அடியை இதுதான் வாங்கிக்கிச்சுக்கா" என்றாள் மெதுவாக. "மிச்சம் டிவிக்குப் போச்சா இல்லையான்னு பாப்போம்."

கடையின் ப்ளக்கில் டிவியின் வயரைச் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. காத்தான் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு உள்ளே மெல்லிய ஒரு இரைச்சல் எழுந்தது. கண்ணாடி மெல்ல வெளுத்தது; வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. ஹமீதா தன் கடையின் கேபிள் வயரை இழுத்து மாட்டினாள். மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பாள்தான் முதலில் அம்சத்தைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் கடைத்தெருவில் நின்று சிரித்தார்கள், கண்ணீரும் வந்தது. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து என்ன ஏதென்று விசாரித்தார். ஹமீதா எல்லோருக்கும் டீ சொன்னாள். பிறகு கொக்கியில் தொங்கிய லேசான பெட்டிகளை எல்லாம் இறக்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள்.

"இதை இனிமே விக்க மாட்டேன். வாங்கின எடத்துக்கே போகட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. ஞானாம்பாளின் டிவியையும் இன்னும் சிலதையும் ஜெக்கரியா உள்ளே சர்க்யூட் பலகையை மாற்றி உயிர்ப்பித்துக் கொடுத்தார். ரெண்டு மூன்று டிவிகள் பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மற்ற வீடுகளில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அம்சம் வீட்டுக் குழியிலிருந்தே ஒரு வரிசை வீடுகளுக்கு எர்த் கம்பி போயிற்று. எதிர் வரிசைக்கு இன்னொரு குழி வெட்டினார்கள். யாரும் வந்து தடுக்கவில்லை. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, கல் இருந்த இடம் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலி பின்னால் போயிற்று. மீண்டு வந்த அந்த மண்ணில் என்ன செய்வது என்று தெருக்கூட்டம் போட்டார்கள். கோயில் கட்டலாம் என்றார் ஒருவர்; கொடிமரம் என்றார் இன்னொருவர். அம்சம் எழுந்து, "டிரான்ஸ்பார்மர் வைக்க எடம் இல்லைன்னுதானே கரண்டு ஆபீஸ்ல இத்தனை நாளா சொன்னாங்க. எடம் இந்தா இருக்குன்னு எழுதிக் குடுப்போம்" என்றாள். அலைச்சல் நிறைய இருந்தது. அடுத்த பொங்கலுக்குள் காலனிக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் அந்த மண்ணில் ஏறி நின்றது. பம்புசெட்டுக் கம்பிக்கும் அவர்கள் வீட்டு பல்புக்கும் சம்பந்தம் விட்டுப்போயிற்று.

ஹமீதாவுக்கு அம்சத்தை விட மனசில்லை. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கடைக்கு வந்து உட்காருங்கள் என்றாள். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்மா" என்றாள் அம்சம். "படிக்க நான் இருக்கேன். கேள்வி கேக்கத்தான் ஆள் இல்ல" என்றாள் ஹமீதா.

மாசி மாதம் ரெண்டு பேரும் தஞ்சாவூருக்குச் சரக்கு எடுக்கப் போனார்கள். அம்சம் அந்த ஊருக்கு அதற்கு முன் போனதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மாநாட்டுக்கும்தான். இந்தத் தடவை கடைத்தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட மொத்தக் கடைக்குள், நாற்காலியில் உட்கார வைத்துக் குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். கடைக்காரர் புதிதாக வந்த மாடல் என்று பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டருக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, எல்லாவற்றுக்கும் ஆகும் என்றார்.

"எல்லாத்துக்கும் ஆவும்னா எப்படிங்க? ஃபிரிஜ்ஜு இழுக்கிறது வேற, டிவி இழுக்கிறது வேற இல்லையா?" என்றாள் அம்சம்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, சரிதான், ஃபிரிஜ்ஜுக்கு வேறு தருகிறேன் என்று ஏணியில் ஆளை ஏற்றினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ரெண்டு பேர் மடியிலும் அட்டைப்பெட்டிகள். அம்மாப்பேட்டை தாண்டும்போது ரெண்டு பக்கமும் உளுந்து விதைத்த வயல்கள் பச்சை கட்டியிருந்தன. ஹமீதா களைத்துப்போய் அம்சத்தின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அம்சத்துக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்குக் கடையில் எந்தப் பெட்டியை எந்தக் கொக்கியில் மாட்டுவது, வருகிறவர்களிடம் முதலில் எதைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, கண்டக்டர் குடவாசல் என்று குரல் கொடுத்தார்.